கஜா பார்த்து வாங்கிக் கொடுத்த பேட்டரி

கஜேந்திரன் போய்விட்டான் என்ற செய்தி வந்தபோது நான் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தேன். நாங்கள் வேலை பார்த்த கன்டெய்னர் யார்டிலிருந்து மேலாளர் பேசினார். "சேகர், வண்டிய ஓரமா நிறுத்திட்டுக் கேளுங்க" என்றார். அந்தச் சாலையில் ஓரம் ஏது? அப்படியே கேட்டேன். காலையில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டானாம். பின்னால் இருந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அன்று அழுத அழுகையைத் திருப்பி வாங்க முடியுமென்றால் இன்றைக்கே போய் வாங்கிவிடுவேன்.

கஜாவை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படத்திறப்பு அன்று நீங்கள் ஒவ்வொருவராக எழுந்து அவனுடைய தாராளத்தைப் பற்றிப் பேசினீர்கள். என்னையும் பேசச் சொன்னீர்கள். தொண்டை சரியில்லை என்று தப்பித்துக்கொண்டேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

அவன் கத்திவாக்கத்துக்காரன். குடும்பமே கடலுக்குப் போகிற குடும்பம். இவன் ஒருவன்தான் படித்துவிட்டு யார்டு வேலைக்கு வந்தான். இருபது வருடத்துக்கும் மேலாக எங்கள் இரண்டு மேஜைகளும் ஒட்டியே கிடந்தன. திருவொற்றியூரில் வீடும் இரண்டு தெரு தள்ளித்தான். ஒரு மழை நாளில் தன் ரெயின்கோட்டை யாரோ லாரி கிளீனருக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சொட்டச் சொட்ட வந்து நின்றான். பாவம் என்று என் துண்டைக் கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே போனவன் துண்டில்லாமல் திரும்பி வந்தான். வாசலில் காவலாளி நனைந்துகொண்டிருந்தாராம். "அது என் துண்டுடா" என்றேன். "குட்த்துட்டுத் திரும்பிப் பாக்கக்கூடாது மாமு" என்றான். ஆபீஸே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

சில வருடங்களுக்கு முன்பு என் சின்னக் காரின் பேட்டரி செத்துப்போனது. எனக்கு பானட்டைத் திறக்கத் தெரியும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது. "நான் வர்றேன், உன்ன தனியா வுட்டா தலையில கட்டிடுவானுங்கோ" என்று கஜா கிளம்பி வந்தான். தண்டையார்பேட்டையில் நசீர் பாய் கடைக்குப் போனோம். பாய் நிதானமான மனிதர். "சார், உங்க வண்டில பேட்டரி உக்கார்ற தட்டு சின்னது. பெருசு போட்டா பானட் மூடறப்ப முனை இடிக்கும். இந்த அளவுல என்கிட்ட ரெண்டு கம்பெனி கீது. என்னக் கேட்டா இத்த எடுங்க, வாரண்டி ஜாஸ்தி" என்று ஒன்றை எடுத்து வைத்தார். கஜா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மேல் தட்டில் இருந்த பச்சை மூடி போட்ட இன்னொன்றைக் காட்டி, "அத்த எறக்கு பாய்" என்றான்.

இறக்கினார். கஜா சாண் போட்டு நீளம் பார்த்தான், அகலம் பார்த்தான். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். "தண்ணி தெறிச்சா இன்னா ஆவும்?" என்றான். "உப்புக்காத்துக்கு முனை பூத்துக்குமா?" என்றான். "கார் என்ன கடல்லயா ஓடப்போகுது?" என்று நான் கேலி செய்தேன். "திருவொத்தியூர்ல வூட்ட வச்சிக்கினு இன்னா பேசற மாமு? உப்பு உன் வூட்டுக்குள்ளயே வந்து குந்திக்கினு கீது" என்றான். பாய்கூடச் சிரித்துவிட்டார். என் வண்டிக்காக ஒருவன் இவ்வளவு மெனக்கெடுகிறானே என்று எனக்கு உள்ளுக்குள் நெகிழ்ந்துபோனது. பச்சை மூடிக்கே பணம் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியாரைக் கோயிலுக்கு அழைத்துப் போகவேண்டும் என்று காரைக் கேட்டான். கொடுத்தேன். சாயங்காலம் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து விட்டான். சாவியைக் கையில் கொடுத்தபோது, "தெனம் ஒரு ரவுண்டு எடு மாமு. நிக்க வெச்சா பேட்டரி பேஜாரு பண்ணும்" என்றான். புது பேட்டரிக்கு இப்படி ஒரு பத்தியமா என்று நான் யோசிக்கவே இல்லை. கஜா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மழைக்காலம் வந்தது. தெருவில் தண்ணீர் நின்றதால் காரை நாலைந்து நாள் எடுக்கவில்லை. தண்ணீர் வடிந்த அன்று காலை, டீ குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் கையிலிருந்து தம்ளர் நழுவியது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நானும் என் மனைவி விஜயாவும் அவரைத் தூக்கிக் காரில் உட்காரவைத்தோம். சாவியைத் திருப்பினேன். கிர்ரென்று ஒரு முனகல், அவ்வளவுதான். போன் செய்ததும் கஜா லுங்கியோடு ஓடிவந்தான். தோளைக் கொடுத்துத் தள்ளினான். சேற்றில் கால் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி தள்ளினான். வண்டி பிடிக்கவில்லை. கடைசியில் அவனே ஓடிப்போய் ஓர் ஆட்டோவைப் பிடித்து வந்தான். வழியெல்லாம் அப்பாவின் கையைத் தேய்த்துக்கொண்டு அழுதபடி வந்தான். மருத்துவமனையில் டாக்டர், கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் இன்னும் நன்றாக மீட்டிருக்கலாம் என்றார். அப்பாவுக்கு வலது கையும் பேச்சும் போயின.

"கடைக்காரர் சொன்னத விட்டுட்டு கஜா சொன்னத வாங்கினீங்க இல்ல?" என்று விஜயா ஒரே ஒரு முறைதான் கேட்டாள். அவள்மேல் எரிந்து விழுந்தேன். அப்பாவுக்காக அழுதவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் எல்லாம் நசீர் பாய் மேல்தான். மெக்கானிக்கை வைத்துப் பேட்டரியைக் கழற்றி எடுத்து, கஜாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். வர யோசித்தான். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். பாய் பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், மாடல் இதேதான். ஆனா நான் வித்தது இது இல்ல. இதுல அடிச்சிருக்கிற நம்பரே வேற. இது ரொம்ப ஓடின பேட்டரி" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கஜா பாய்ந்துவிட்டான். "யார இன்னா சொல்ற? எங்க சேகரு பேட்டரிய மாத்திக்கினு வந்து உன்ன ஏமாத்தறானா? பழசக் குட்த்து ஒரு மனுஷன படுக்க வெச்சிட்டு நம்பர் பேசறியா?" தெருவே கூடிவிட்டது. பாய் தம் கடையில் இருந்த வேறொரு புது பேட்டரியை எடுத்துத் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். குற்றம் செய்தவன்தான் இப்படிக் கொடுப்பான் என்று நான் நினைத்தேன்.

அதன்பிறகு அப்பா இருந்த காலம் முழுக்க, வேலை முடிந்ததும் கஜா நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். முகம் மழித்துவிடுவான். தோளில் சாய்த்துக்கொண்டு தெருமுனை வரை நடத்திப் போவான். "நைனா, ஷோக்கா நடக்கறியே, நாளைக்கு மெரினா போலாமா?" என்பான். அப்பாவுக்குச் சிரிப்பு மட்டும் மிஞ்சியிருந்தது, அந்தச் சிரிப்பு கஜாவைக் கண்டால்தான் வரும். கத்திவாக்கத்திலிருந்து வாராவாரம் எறா கொண்டுவருவான். முகத்துவாரத்து இறால், துடிக்கத் துடிக்க. அப்பாவின் பாடையைத் தூக்கியவர்களில் அவன் முதல் ஆள். கூடப்பிறந்தவன் இருந்தால் இப்படித்தான் இருப்பான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கஜாவின் காரியத்துக்குக் கத்திவாக்கம் போயிருந்தேன். பந்தலில் ஒருவர் என்னைத் தேடிவந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எல்லப்பன், கஜாவின் சின்ன வயசுத் தோஸ்து, ஃபைபர் படகு வைத்திருப்பவர்.

"நீங்கதான சேகரு சார்? உங்கள நேர்ல பாத்து சொல்லணும்னு எத்தினி நாளு நெனச்சிக்கினு இருந்தேன். நீங்க குட்த்து வுட்ட பேட்டரிதான் சார் என் போட்டுல இன்னும் ஓடிக்கினு கீது."

எனக்குப் புரியவில்லை. எந்தப் பேட்டரி என்றேன்.

"அதான் சார், பச்ச மூடி. என்னுது பாதி வழியிலயே படுத்துக்கும். லைட்டு போயிடும், ஜிபிஎஸ் போயிடும். கடலுக்கே போவ முடியாம வூட்ல குந்திக்கினு இருந்தேன். கஜாதான் கொண்டாந்து குட்த்தான். 'எங்க சேகரு புதுசக் குட்த்துட்டு உன் பழச வாங்கிக்கறேன்னுட்டான்டா. காருக்கு ஒரு உதை போதும், கடலுக்குத்தான் ராத்திரி பூரா வேணும்னு அவனே சொன்னான்'னு சொன்னான். முன்ன பின்ன தெரியாதவனுக்கு யார் சார் குடுப்பா? அதான் வாராவாரம் எறா குட்த்து வுட்டேன். வந்துச்சா சார்?"

வந்தது என்றேன். வேறு என்ன சொல்ல? பந்தலுக்குள் கஜாவின் மனைவி சுமதி அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லப்பனின் கண்களில் தண்ணீர் நின்றது. பாவம், அவருக்கு என்ன தெரியும்? "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சாண் போட்டுப் பார்த்தானே, கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தானே, தண்ணீர் தெறித்தால் என்ன ஆகும் என்று கேட்டானே, எல்லாமே படகுக்காக! எல்லப்பனிடம் இருந்த அதே கம்பெனி, அதே அளவு, அதே பச்சை மூடி. கோயிலுக்கென்று காரை வாங்கிப்போய் மாற்றி வைத்தால் எனக்குத் தெரியாது என்று கடைக்குள் நுழைவதற்கு முன்பே முடிவு செய்திருக்கிறான். அடப்பாவி, என்னைக் கேட்டிருந்தால் ஆளுக்குப் பாதி போட்டு எல்லப்பனுக்கே ஒன்று வாங்கியிருப்போமே.

வீட்டில் சொன்னேன். விஜயா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அப்ப நான் உரிச்சு உரிச்சுச் சமைச்ச எறாவெல்லாம் அதுக்குத்தானா?" என்றாள்.

நசீர் பாயை நினைத்தால் உடம்பு கூசியது. மறுநாளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாய் ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னார்.

"எனக்குத் தெரியும் சார். அன்னைக்கு சத்தம் போட்டாரே, மறுநாள் காலைல கடை தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னாரு. அப்டியே ஒடைஞ்சி போய் அழுதாரு. நான் குட்த்த பேட்டரிக்குக் காசும் குட்த்துட்டாரு. 'சேகர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க பாய், அவன் மூஞ்சில என்னால முழிக்க முடியாது'ன்னாரு. நம்ம வாயால ஒரு சிநேகிதம் கெடுவானேன்னு நானும் வுட்டுட்டேன்."

எல்லப்பனைப் பற்றித் தெரிந்தபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. இரண்டே முறை பார்த்த கடைக்காரரிடம் போய் அழுதிருக்கிறான். என்னோடு அத்தனை வருடம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சிழந்து கிடந்த அப்பாவின் காதில் சொல்லியிருப்பானோ என்றும் தோன்றுகிறது. அவரிடம் சொல்வது சுலபம், அவர் யாரிடமும் போய்ச் சொல்லப்போவதில்லை. அந்தச் சாயங்காலங்களெல்லாம் பாசமா, பரிகாரமா? அவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது, அவனும் போய்விட்டான். என் பேட்டரியை எடுத்ததைக்கூட விட்டுவிடலாம். அப்பா சிரித்த அந்த நாட்களை இனி நிம்மதியாக நினைத்துப் பார்க்க விடாமல் செய்துவிட்டானே, அதை எப்படி விடுவது?

சுமதி இதைப் படிப்பாள் என்று தெரியும். படிக்கட்டும். அவன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. எல்லப்பன் வீட்டில் அடுப்பெரிந்தது உண்மைதான். பாயிடம் அழுததும் பொய்யழுகையாக இருக்காது. எனக்கும் ஒன்று கொடுத்திருக்கிறான். கத்திவாக்கத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட என்னை நல்லவன் என்கிறார்கள். நான் கேட்காத நல்ல பெயர், என் அப்பாவின் கையை விலையாகக் கொடுத்து வாங்கிய பெயர். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நீங்கள் அவனுடைய தாராளத்தை வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்குக் கிடைத்தது. என்னிடம் மிஞ்சியிருப்பது கோபம்தான். இறந்தவன்மேல் கோபப்படலாமா என்று விஜயாகூடக் கேட்கிறாள். கொஞ்ச நாள் போனால் ஆறிவிடும் என்கிறாள். ஆறவேண்டாம். கஜா, என்னிடமிருந்த எதையெதையோ என்னைக் கேட்காமல் எடுத்து யார் யாருக்கோ கொடுத்தாய். இந்தக் கோபம் ஒன்றை மட்டும் உன்னால் எடுத்து யாருக்கும் கொடுக்க முடியாது.