அம்ப்டீன் பேர்

மலாயாவில் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ஜெயபாலன் இங்கிலீஷ் கற்றது பாதிக்குமேல் வெள்ளைக்காரத் துரையின் வசவில்தான். "அம்ப்டீன் தடவை சொல்லிட்டேன்!" என்று துரை கத்துவார். தெர்ட்டீன், ஃபோர்ட்டீன் மாதிரி அதுவும் ஓர் எண் என்றே நெடுநாள் நினைத்திருந்தான். எண்ணே இல்லை, 'எத்தனையோ' என்று பொருள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜப்பான் சண்டை வந்ததும் துரை சிங்கப்பூருக்கு ஓடினார். நாற்பத்துமூன்றில், சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஒரு ஜப்பான் அதிகாரி லாரியில் வந்திறங்கினான். பக்கத்துத் தோட்டத்திலிருந்து முன்பே போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

"ஆம்பள ஆளு எத்தனை?" என்று அரைகுறை இங்கிலீஷில் கேட்டான்.

அறுபத்தோரு பேர். பெயர்ப் புத்தகம் மேசைக்குள் இருந்தது. ஜெயபாலன் அதை எடுக்கவில்லை. "அம்ப்டீன், சார்" என்று உளறினான்.

அதிகாரி விழித்தான். சிப்பாய்கள் எதிரில் தெரியாதென்று காட்டிக்கொள்ள மனமில்லாமல், அதை எய்ட்டீனாக்கிப் பதினெட்டு என்று எழுதிக்கொண்டான். வியாழக்கிழமை அதில் பாதி ஆள் லாரியில் ஏற வேண்டும். குறைந்தால் ஆட்கள் குடியிருக்கும் லயத்தையே கொளுத்துவேன் என்றான்.

முப்பது பேர் போக வேண்டியது ஒன்பதாகக் குறைந்தது. ஆனாலும் ஜெயபாலனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எந்த ஒன்பது? ஆபீசுக்கும் வீட்டுக்குமாக நடந்தான்.

"நீங்க யாரையும் பொறுக்காதீங்க. சீட்டுப் போடுங்க. உங்க பேரும் இருக்கட்டும்" என்றாள் மனைவி புஷ்பவள்ளி.

புதன் காலை, ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், எல்லோர் எதிரிலும், பானையில் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். எடுத்த ஒன்பதில் பால்மரம் சீவும் வீரமுத்துவின் பெயரும் வந்தது. ஜெயபாலன் பெயர் வரவில்லை.

வீரமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் பானையை இழுத்தாள். "கிராணியாரே, உங்க சீட்டு இதுல இருந்துச்சா?"

அவன் பானையைக் கவிழ்த்தான். புஷ்பவள்ளி அவன் சீட்டைத் தேடி எடுத்துப் படித்துக் காட்டினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க அவரு பொண்டாட்டி" என்றாள் பேச்சியம்மாள்.

மறுநாள் ஒன்பது பேரும் போனார்கள். அதன்பின் எந்த லாரிச் சத்தம் கேட்டாலும் ஜெயபாலன் சாலைக்கு ஓடினான். சண்டை முடிந்து மூன்று பேர் திரும்பினார்கள். வீரமுத்து அவர்களில் இல்லை.

அன்று மாலை பேச்சியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றான். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே போய்விட்டாள். அவன் குடித்துவிட்டு, போகவும் தெரியாமல், இருட்டும்வரை அங்கேயே நின்றான்.