பொந்துக்குள் ஒரு டீக்கடை

கரியாலூர் அருவிக்குப் போகிறவர்கள் மலை ஏறுமுன் அந்தப் புளியமரத்தடியில் இறங்கிவிடுவார்கள். மரத்தின் பொந்துக்குள்ளேயே டீக்கடை. பாய்லரும் ஆளும் உள்ளே, நாமெல்லாம் வெளியே. கடைக்காரர் நல்ல உயரம். எப்போது போனாலும் குனிந்தே நிற்பார். காலையில் முதல் டீயை வேரில் ஊற்றிவிட்டுத்தான் வியாபாரம்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நேரம். வழியெல்லாம் மரங்களை வெட்டிச் சாலையை மறித்தார்கள். ஒருநாள் முதல் பஸ்ஸில் நான் போய் இறங்கியபோது, கோடரியோடு ஒரு கூட்டம் அங்கே நின்றது.

"மாமா, உள்ள இன்னா குந்திக்கினு? வெளிய வாங்க, மரத்த சாய்க்கணும்."

"நானும் நம்மாளுதான்டா. எனக்கும் பங்கு வேணும். ரோடுதான மறிக்கணும்? மரம் இன்னா பண்ணுச்சு உன்ன?"

பெஞ்சையும் பாய்லரையும் நடுரோட்டுக்கு இழுத்துப் போட்டார். வந்தவர்களை உட்காரவைத்தார். சாலை அடைபட்டது. கோடரிக்காரர் முதல் கிளாசுக்குக் கை நீட்டினார்.

"அது மரத்துக்கு. உனக்கு அடுத்தது."

கடைக்காரர் வேரில் ஊற்றிவிட்டுத் திரும்பும்வரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள். எங்கள் பஸ் சாயங்காலம்வரை நின்றது; அன்று நான் அருவியைப் பார்க்கவில்லை. அவர் நிமிர்ந்து நின்றதைப் பார்த்தேன். எங்கள் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம், முதலில் அந்த மரத்தைத்தான் சொல்கிறேன்.