டைரியில் ஏறாத 'டம்'

போன வாரம் சனிக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு என் கார் ஜாக்கியிலிருந்து விழுந்தது.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு எட்டு நாள் பிடித்திருக்கிறது.

காருக்கென்று நான் ஒரு டைரி வைத்திருக்கிறேன். மூன்று கட்டங்கள்: தேதி, செய்த வேலை, அடுத்தது எப்போது. ஃபேக்டரியில் ஆள் வருகிற நேரம் குறிக்கும் டைம் ஆபீஸ் உத்தியோகம் கொடுத்த வியாதி. பழைய கார் இருந்த வருஷங்களில் பிளக் துடைத்தது, பெல்ட் இறுக்கியது எல்லாம் அதில் உண்டு. அந்தக் காரை விற்றுப் புதுக் கார் வாங்கினேன். காரைத்தான் மாற்றினேன், டைரியை மாற்றவில்லை. முந்தின நோயாளியின் மருந்துச் சீட்டை அடுத்தவருக்குப் படித்துக் கொடுக்கிற மாதிரி, பழைய காரின் கெடு நாட்களையே இதற்கும் தொடர்ந்துவிட்டேன்.

அன்று டைரி சொன்னது — பிளக் சுத்தம், டயர் இடமாற்றம். காரில் ஏதாவது கோளாறா? ஒன்றும் இல்லை. ஆனால் கட்டம் காலியாக இருந்ததே!

பானெட்டைத் திறந்தேன். பழைய காரில் பானெட்டுக்குள் ஓர் ஆள் உட்கார்ந்து டிபன் சாப்பிடலாம். இதில் விரல் நுழைய இடமில்லை. மேலே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அதைக் கழற்றினால் கீழே இன்னொன்று. பிளக் ஏதோ கிணற்றடியில் கிடந்தது, என் ஸ்பானர் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, 'பிளக் — பார்த்தேன்' என்று எழுதினேன். பொய்யா? பார்க்கத்தானே செய்தேன்!

பிறகு டயர்கள். நாலாவதை மாட்டி நட்டை விரலால் திருகிக்கொண்டிருந்தபோது செம்மண்ணில் ஜாக்கி சாய்ந்தது.

டம்!

"ஏங்க... என்னா சத்தம்?" — சமையலறையிலிருந்து மனைவி ஸ்டெல்லா.

"வாசல் கேட்டு!" என்றேன்.

சுற்றிவந்து பார்த்தேன். ஒரு நசுங்கல் இல்லை. 'டயர் இடமாற்றம் — முடிந்தது' என்று எழுதினேன். 'டம்' எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும்? சேதம் இல்லையே.

நாலு மணிக்கு ஸ்டார்ட் செய்தேன். சுற்றியது... சுற்றியது... பிடிக்கவில்லை.

இங்கே ஸ்டெல்லாவின் எல்.எல்.ஆர். என்ற பழகுநர் லைசென்ஸ் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கணக்கு டீச்சர். வேப்பனப்பள்ளிக்கு மாற்றல் ஆனதிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி, பிரேயருக்குப் பிந்திப் போய், ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் தலைகுனிந்து நிற்கிறாள். அதற்காகவே கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். திங்கட்கிழமை கிருஷ்ணகிரி ஆர்.டி.ஓ. ஆபீஸில் டெஸ்ட். டிரைவிங் ஸ்கூல் வண்டி எஃப்.சி. தகுதிச் சோதனைக்குப் போய்விட்டதால் எங்கள் காரில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். செவ்வாயோடு எல்.எல்.ஆர். காலாவதி, தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிளக் துடைக்கும் நாளைக் குறித்து வைத்த என் டைரியில் இந்தச் செவ்வாய்க்கிழமை இல்லை. அந்தக் கெடுவை நினைவூட்டியவளே அவள்தான்.

கம்பெனி சர்வீஸ் பெங்களூரில். ஞாயிறு அங்கே பூட்டு. ஆனால் ஓசூரில் இருப்பவனுக்கு என்ன கவலை? எங்கள் காலனியில் வண்டிப் பாகம் செய்யாத வீடே இல்லை. சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பானெட்டைத் திறந்து வைத்தேன். கூப்பிடாமலே மூன்று பேர் வந்தார்கள்.

"ஏனாய்த்து சார், என்ன ஆச்சு?" என்றபடி பெட்ரோல் பம்ப் செய்யும் கம்பெனியின் நாகராஜ். பின்னால் வயரிங் கம்பெனி முருகேசன், சேலத்துக்காரர். கடைசியாக ஏர் ஃபில்டர் சீனப்பா.

"வயரிங்கா இருக்காதுங்க. நாங்க ஒவ்வொண்ணா செக் பண்ணித்தான் அனுப்பறோம். பம்ப்பைப் பாருங்க" என்றார் முருகேசன்.

"பம்ப்பா? சார், சாவியைத் திருப்புங்க!"

பாதி திருப்பினேன். பம்ப் பின்சீட்டுக்கு அடியில் என்பதால் மூன்று பேரும் அங்கே காதை வைத்தார்கள். நிசப்தம்.

"கேட்டீங்களா? சத்தமே இல்ல. நல்ல பம்ப்னா அப்பிடித்தான் இருக்கும்!" என்றார் நாகராஜ்.

"ஓடலைன்னாலும் சத்தம் வராதுங்களே?" என்று கேட்டார் முருகேசன்.

"நீ வயர் சுத்துற ஆளு. பம்ப் பத்தி உனக்கு என்னாய்யா தெரியும்?"

சீனப்பா வாதாடவே இல்லை. நேராக ஏர் ஃபில்டரைக் கழற்றி, வெயிலில் தூக்கிப் பிடித்து, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்து, "சூப்பரா இருக்குது" என்று திரும்ப மாட்டினார். ஒரு ஸ்க்ரூ மிச்சம் விழுந்தது. மூவரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். மூவரும், "இது எங்களுது இல்லைங்க" என்றார்கள்.

அப்புறம் சீனப்பா உருப்படியாக ஒரு கேள்வி கேட்டார். "சார், நேத்து எங்கயாவது இடிச்சிக்கினீங்களா?"

நான் டைரியை எடுத்துக் காட்டினேன். பிளக் — பார்த்தேன். டயர் — முடிந்தது. எழுத்தில் இருந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்? "நீட்டா எழுதியிருக்கீங்க சார்" என்று திருப்பிக் கொடுத்தார்.

மதியம் மூவரும் சாப்பிடப் போனார்கள். அவரவர் பாகம் பழுதில்லை என்று நிரூபணமாகிவிட்டது. கார் மட்டும் ஓடவில்லை.

ஸ்டெல்லா முன்சீட்டில் உட்கார்ந்து காரின் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கார் வாங்கிய அன்று பிளாஸ்டிக் உறையோடு வந்தது. உறை மேல் தேதி எழுதியது நான், உறையைக் கிழித்தது அவள். கையில் கிடைப்பதையெல்லாம் படிப்பவன் என்று எனக்குக் காலனியில் பெயர்!

"ஏங்க, இங்க வாங்க. வண்டி பலமா அதிர்ந்தா பெட்ரோல் தானா நின்னுடுமாம். தீப்பிடிக்காம இருக்க. ஒரு பட்டனை அமுக்கினா சரியாயிடும்னு போட்டிருக்கு."

"ஓ..." என்றேன்.

"நேத்து கேட்ட சத்தம் எதுங்க?"

"அதான்... கேட்டு..."

"கேட்டு விழுந்தா பெட்ரோல் நிக்காதுங்க."

குனிந்தாள். கால் வைக்கும் இடத்தில், கால்மிதிக்குப் பின்னால் இருந்த ஒரு பொத்தானை அமுக்கினாள். சாவியைத் திருப்பினாள். பின்பக்கம் 'உய்ங்' என்று ஒரு சத்தம்... அடுத்த நொடி இன்ஜின் பிடித்தது. மூன்றாவது வீட்டிலிருந்து சோற்றுக் கையோடு நாகராஜ் ஓடிவந்தார். "பாத்தீங்களா சார்! நம்ம பம்ப்பு சத்தம்!"

எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து இந்தக் காரை வரைந்த புண்ணியவான், பிளக்கை என் கைக்கு எட்டாமல் வைத்தான். மூடி மேல் மூடி போட்டான். அதுவும் போதாது, இப்படி ஒருவன் காரைக் கீழே போட்டுவிட்டு வெளியே சொல்லமாட்டான் என்று கணித்து, அதற்கும் ஒரு பொத்தான் வைத்தான். புதுக் கார்கள் நம்மை நம்புவதில்லை. தப்பு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

திங்கட்கிழமை கிருஷ்ணகிரிக்கு அவளே ஓட்டினாள். பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்தேன். டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் எட்டுப் போடச் சொன்னார். போட்டாள். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். எடுத்தாள். பாஸ்.

வீடு வந்து டைரியைத் திறந்தேன். என் வரிகளுக்குக் கீழே, கரும்பலகைக் கையெழுத்தில், குண்டு குண்டாக ஒரு வரி சேர்ந்திருந்தது.

தேதி: சனிக்கிழமை. செய்த வேலை: காரைக் கீழே போட்டது. அடுத்தது எப்போது: அந்தக் கட்டத்தில் ஒரு குறுக்குக் கோடு.

கணக்கு டீச்சர் அல்லவா... ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தாள்.