மண்ணில் உக்காத வெள்ளி

கனடாவில் இல்-பிசார் என்ற இடத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாவின் வீட்டில் துப்புரவு வேலை செய்தேன். பஸ் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் பாதி நாள் போய்விடும். அந்த அம்மா இங்கிலாந்தில் பிறந்தவர். தனியே இருந்தார்.

ஒருநாள் அலமாரி துடைக்கும்போது ஒரு சின்னப் பெட்டி இருந்தது. நான் திறக்கவில்லை. அவரே திறந்து காட்டினார். பஞ்சின் மேல் ஒரு வெள்ளிக்காசு. கறுத்து, வளைந்து, ஒரு பக்கம் உடைந்திருந்தது. மிச்சத்தில் ஒரு கண்ணும் மூக்கும் தெரிந்தன. ஆங்கிலோ-சாக்சன் அரசன் ஒருவனாம். ஆயிரம் வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்ததாம். அவருடைய கணவர் இளவயதில் தகப்பனின் வயலில் கண்டெடுத்தது.

யார் புதைத்தது என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கேட்டேன். தெரியாது, சண்டைக்குப் பயந்து ஓடினவர்களாக இருக்கலாம் என்றார்.

துணியைக் கீழே வைத்தேன். வெள்ளி மண்ணில் உக்காதா என்று கேட்டேன். கறுக்கும், உக்காது என்றார். இதை உடைத்தது மண் இல்லையாம். கலப்பையாம்.

எங்கள் மகள் பத்து மாதத்தில் காய்ச்சலில் போனாள். படம் ஒன்றும் இல்லை. பிறந்த முப்பத்தோராம் நாளுக்குப் போட்ட வெள்ளிக் கால்காப்பு இரண்டும்தான் இருந்தன. சண்டைக்குப் பயந்து ஊரோடு வெளிக்கிட்ட அன்று அவற்றைப் பால்மாத் தகரப் பேணியில் போட்டுக் கிணற்றடி மண்ணில் தாட்டோம். வழியில் பறிபோய்விடும் என்று பயம். ஒரு கிழமையில் திரும்பலாம் என்று நினைத்தோம்.

சமாதானம் வந்து பாதை திறந்த பிறகு, ஊரில் இருந்த தம்பி அந்த வளவில் வீடு கட்ட வெளிக்கிட்டான். கிண்டிப் பார்க்கவா என்று கேட்டான். வேண்டாம், உக்கியிருக்கும் என்றேன். ஒன்றும் இல்லை என்று அவன் வாயால் கேட்க எனக்குத் துணிவில்லை.

காசைப் பார்த்த அன்று வேலையால் வந்ததும் அவனுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, நாளைக்கு மிசின் வருது. கிணத்தடியும் கிண்டுப்படும்."

"மிசினை நிப்பாட்டு. கையாலை கிண்டு."

"உக்கிப்போச்சு எண்டு நீங்கள்தானே சொன்னனியள்?"

"உக்காது. வேலை செய்யிற வீட்டு அம்மா சொன்னவ."

"கனடா அம்மா சொன்னா எங்கடை மண்ணும் கேக்குமாக்கும்!"

பக்கத்தில் நின்ற என் கணவர் போனை வாங்கினார்.

"மச்சான், பகிடியை விடு. அலவாங்கும் போடாதை, மம்பட்டியும் போடாதை. கையாலை."

இரண்டு நாள் கழித்துத் தம்பி போன் எடுத்தான். பேணி கரைந்துவிட்டது. ஒரு காப்புத்தான் கிடைத்தது.

"நசிஞ்சு போச்சக்கா. மேலாலை என்ன ஏறிப் போச்சுதோ தெரியேல்லை. நிமித்தட்டோ?"

"வேண்டாம். அப்பிடியே அனுப்பு."

ஊரிலிருந்து இங்கே எங்கள் பக்கம் ரொக்ஸ்பரோவுக்கு வந்த ஒரு சொந்தக்காரர் கொண்டுவந்து தந்தார். கணவர் அதைச் சமையலறை லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். இரண்டு விரலைச் சேர்த்து உள்ளே விட்டார். நசிந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. கழற்றி என் கையில் தந்துவிட்டு வேலைக்குப் போனார்.

நான் அன்று வேலைக்குப் போகவில்லை.