நான்கு மூலை மஞ்சள்

என் மேசை இழுப்பறையில் ஸ்பைரல் போட்ட வாதப் பிரதி ஒன்று கிடக்கிறது. நான்கு மூலையிலும் வைத்த மஞ்சள் வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. அதைத் தடவிய புத்திசாலி நான்தான்.

2008-இல் நானும் அண்ணியும் கடலூர் முதுநகர் வீட்டிலிருந்து பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் போய் ஒரே வகுப்பில் சட்டம் படித்தோம். அப்போதுதான் சிதம்பரத்தில் மாதிரி வழக்குப் போட்டி வந்தது. கற்பனையாக இரண்டு நாடுகள். ஒன்று மற்றொன்றின் காவல் படகைச் சுட்டுவிட, பதிலுக்கு அந்த நாடு சுட்டவர்களின் துறைமுகத்தையே குண்டு வீசித் தகர்த்துவிடுகிறது. சர்வதேசச் சட்டப்படி இது தற்காப்பா, அத்துமீறலா? துறைமுகத்தை இழந்த நாட்டுக்கு நாங்கள் வக்கீல்கள். எப்படியாவது இறுதிச் சுற்றில் பேசிவிட வேண்டும் என்று அண்ணிக்கு அப்படியொரு வெறி. மூன்று மாதம் கையில் கரண்டியோடு அடுப்பைப் பார்த்து வாதாடினார். குழம்பு அடிபிடித்ததற்குக் கணக்கே இல்லை.

எழுதி முடித்த பிரதிகளைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து மஞ்சள் தடவினேன். வீட்டுப் பத்திரமானாலும் பரீட்சை ஹால் டிக்கெட்டானாலும் எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். எந்த அணியுடையது என்று காட்டிக்கொடுக்கும் எந்தக் குறியும் பிரதியில் இருக்கக் கூடாது என்ற விதியை நான் படித்திருந்தேன். மஞ்சளும் ஒரு குறிதான் என்று தோன்றவே இல்லை.

சிதம்பரத்தில் நடுவர் எங்கள் பிரதியைத் தூக்கிக் காட்டி, போட்டியிலிருந்து நீக்கம் என்றார். அண்ணி எழுந்தார். ஆங்கிலத்தில் பேச வேண்டிய இடத்தில் தமிழே வந்துவிட்டது.

“தப்புதாங்கய்யா. ஆனா, அடியத் தடுக்க எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் திருப்பி அடிக்கலாம்னு வாதாடத்தான் நாங்க வந்திருக்கோம். நாலு பொட்டு மஞ்சளுக்கு வெளிய அனுப்பினா, படகுக்குத் துறைமுகத்த அழிச்ச கதைதானுங்களே?”

நடுவர் சிரித்துவிட்டார். நீக்கம் போய், ஒரே ஒரு மதிப்பெண் குறைப்பு என்றானது. இறுதிச் சுற்றில் அண்ணி பேசியதைக் கேட்டு எனக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

கோப்பை போனதும் அந்த ஒரு மதிப்பெண்ணில்தான். திரும்பும் பஸ்ஸில் அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணியோ சிரித்துச் சிரித்துப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நம்ம கேட்ட அளவுதானே அடிச்சாங்க. இதுக்கு மேல என்னத்த வாதாடுறது?”

இன்று அண்ணி கடலூரில் வக்கீல். போன வாரம் அவர் தாக்கல் செய்யக் கட்டி வைத்திருந்த மனுவைப் புரட்டினேன். அதிலும் மஞ்சள் இருந்தது. நான்கு மூலையிலும் அல்ல, ஒரே ஒரு மூலையில், அளவாக.