காந்தம் ஒட்டிய மடி

எனக்கு யாரையும் எளிதில் நம்பத் தெரியாது. சும்மா கிடக்கிற பாறையைப் பார்க்கச் சம்பளம் கொடுத்து ஆள் அனுப்புகிறார்கள் என்றால் எப்படி நம்புவது? கல்வராயன் மலைக்குக் கல் ஆராய வந்த அந்த அதிகாரியிடம், வடக்கனந்தலிலிருந்து நாங்கள் சில பேர் கூலிக்குப் போனோம். என் கணவர் புதர் வெட்டினார். நான் கல் சுமந்தேன்.

அவருக்கு வேண்டியது குரோமைட் என்ற கறுப்புக் கல். அதே கறுப்பில் இரும்புக் கல்லும் அங்கே கிடக்கும். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நூலில் கட்டிய காந்தத்தைக் காட்டுவார். இரும்புக் கல் என்றால் காந்தம் தாவி ஒட்டும். குரோமைட் என்றால் லேசாக அசையும், அவ்வளவுதான். மண்ணுக்கடியில் எந்தப் பாறை ஓடுகிறது என்று பார்க்க ஒரு மிஷினும் வைத்திருந்தார். பக்கத்தில் இரும்பு இருந்தால் அது தப்பாகக் காட்டும் என்று அரிவாள், சாவி எல்லாவற்றையும் தூரத்தில் வைக்கச் சொல்வார்.

நான் மட்டும் வைக்கவில்லை. என் மடியில் ஒடிந்த அரிவாள் மூக்கு ஒன்று துணியில் சுற்றி இருந்தது. முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றிலேயே கலைந்தன, இப்போது மூன்றாவது. பிள்ளைத்தாச்சி காடுமேடு போனால் காத்து கருப்பு அண்டாமலிருக்க இரும்பு வேண்டும் என்று அம்மா கொடுத்தது. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. கணவரிடம்கூடச் சொல்லவில்லை, அவருக்கு ஓட்டை வாய். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். முன்பு இரண்டு தடவையும் ஊருக்கே தெரிந்திருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டு, மிஷின் பக்கம் போகாமல் தள்ளியே நின்றேன்.

ஒரு நாள் நல்ல குரோமைட் துண்டு ஒன்றைக் காணவில்லை. வேறு கம்பெனிக்காரன் ஆள் வைத்து எடுக்கிறான் என்று அதிகாரிக்குச் சந்தேகம். எல்லோரையும் மடியை உதறச் சொன்னார். நான் உதறவில்லை.

“ஏம்மா, உனக்கு மட்டும் தனியாச் சொல்லணுமா?”

“எங்கிட்ட ஒண்ணும் இல்லிங்க சார்.”

“இல்லன்னா உதற வேண்டியதுதானே?”

நியாயமான கேள்விதான். அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. அவர் காந்தத்தை என்னோடு கல் சுமந்த ஒருத்தியிடம் கொடுத்து, என் இடுப்பருகே பிடிக்கச் சொன்னார். அது தாவி வந்து புடவையோடு ஒட்டிக்கொண்டது.

அவர் முகம் தெளிந்தது. “இது நம்ம கல் இல்ல. குரோமைட் இப்படித் தாவாது. ஏதோ இரும்புத் துண்டு. போம்மா.”

திருட்டுப் பழி போயிற்று. ஆனால் காந்தம் பிடித்தவள் நகராமல் என் வயிற்றையே பார்த்தாள்.

“மடியில இரும்பா? இன்னாடி, முழுவாம இருக்கியா?”

அத்தனை பேரும் திரும்பினார்கள். அதிகாரியும்தான். என் கணவர் வெட்டுவதை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

“எங்கிட்ட சொல்லவே இல்லியே!” என்று சிரித்தார். மலையிறங்குகிற வழியெல்லாம் எதிரே வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே வந்தார். திருடி என்று பேர் வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது எனக்கு.

அந்தப் பிள்ளையும் தங்கவில்லை. சுமை தூக்கியதால் என்றார் கள்ளக்குறிச்சி டாக்டரம்மா. இருக்கலாம். ஆனாலும் அன்று அங்கே நின்றவர்களை ஒவ்வொருவராக நினைத்து நினைத்துப் பார்ப்பேன். கணவரையும் விட்டதில்லை.

அடுத்த கோடையில் அதே அதிகாரி மறுபடி வந்தார். சந்தையில் என்னைக் கண்டதும் நின்று, “குழந்தை நல்லா இருக்காம்மா?” என்றார். மனிதர் அக்கறையாகத்தான் கேட்டார். நான் அவர் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன், இந்தக் கண்ணாக இருக்குமோ என்று.