நாற்பது ஆகாதவர் படிக்கக் கூடாத புத்தகம்

மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு பழம்பொருள் கடை நிழலில் நிற்கிறேன். மேசையில், விரித்த துணிமேல் ஒரு பழைய புத்தகம் இருக்கிறது. தோல் அட்டை கறுத்து, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. கை நீட்டுகிறேன்.

“தொடாத ஆயா,” என்கிறான் கடைக்காரன். “யூதருங்களோட சாமி ரகசியம் அதுல கீது. இந்த அச்சு இப்ப எங்கியும் கெடைக்காது. உனக்குப் படிக்கவா தெரியும்?”

“தமிழுன்னா எழுத்துக் கூட்டிப் படிப்பேன். உனக்கு இந்த எழுத்து தெரியுமா?”

“எனக்கும் தெரியாது. நாப்பது வயசு ஆவாதவங்க இதப் படிக்கவே கூடாதாம். வித்தவரு சொன்னாரு.”

“உனக்கு இன்னா வயசு?”

“முப்பத்திரண்டு.”

“எனக்கு எழுபது. நீ கைய எடு.”

சிரித்துக்கொண்டே புத்தகத்தை என் பக்கம் தள்ளுகிறான். நம் புத்தகம் போலப் பிரிக்கிறேன்.

“அது கடேசிப் பக்கம். பின்னால இருந்து தொற. அவங்க எழுத்து வலப்பக்கத்துல இருந்து எடப்பக்கம் போவும்.”

நடுவில் பெரிய எழுத்து, சுற்றிலும் பொடி எழுத்து. ஒன்றுகூடப் பிடிபடவில்லை. ஆனாலும் விரல் வைத்து, வரி வரியாக, நிதானமாகப் பார்க்கிறேன். அவனும் தலையை நீட்டி எட்டிப் பார்க்கிறான். புத்தகத்தை மூடுகிறேன்.

“உனக்கு நாப்பது ஆவட்டும் நைனா.”